பேர் ஓடும்போது

கண்ணைத் திறக்கக் கூடாதாம். மூணாவது தடவையா சொல்லிட்டுப் போகுது அந்த நர்ஸ் பொண்ணு. "மூடியே வைங்க ஐயா, அப்பத்தான் மருந்து இறங்கும். முக்கால் மணி நேரம் ஆகும்." ஐயாவாம். நாப்பத்துநாலு வயசுல ஐயா ஆயிட்டேன். யூடியூப்ல ஒரு பய என்னைய ஐயான்னதில்ல. அங்க நான் சௌந்தர் அண்ணே, மாம்ஸ், தல, கோவம் வந்தா எழுத முடியாத வார்த்தை. பதினோரு வருசமா வீடியோ கேம் பத்தித் தமிழ்ல பேசிக்கிட்டிருக்கேன், எந்த கேம் வாங்கலாம், எது குப்பை, எவன் ஏமாத்துறான், எவன் கதையைக் கெடுத்தான்னு. இப்ப மதுரைக் கண்ணாஸ்பத்திரி ஒண்ணுல இரும்பு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன், சட்டைப் பையில போன் நடுங்கிக்கிட்டே இருக்கு. எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் தெரியாது. சொட்டு விட்ட கொஞ்ச நேரத்துல எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. நடுங்குறது யாருன்னு பார்க்காமலே தெரியும். பயலுகதான். நாலு மணிக்கு டிரெய்லர் வருதுல்ல, அண்ணன் லைவ் வருவாரா, வந்து பிரிச்சு மேய்வாரான்னு கேக்குறாய்ங்க. அது பரவாயில்ல. பதினெட்டாயிரம் பேர் கேக்குறதுக்குப் பதில் சொல்லிரலாம். ஒருத்தி கேட்டது இருக்கே, மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒத்த வரி, அதுக்குத்தான் இன்னும் பதில் போடல. "முடிவு வரைக்கும் ஆடுனீங்களா அண்ணா?" அவ்வளவுதான். பேர் பெனிட்டா. திட்டல, அழுகல, ஒரு பொம்மை கூடப் போடல. நான் படிச்சிட்டேன்னு அவளுக்கும் தெரியும், ரெண்டு நீலக் கோடு விழுந்திருச்சு. அன்னையிலிருந்து அந்தக் கேள்வி பல்லுல மாட்டின நாரு மாதிரி கிடக்கு, நாக்கு அங்கேயேதான் போகுது.

பக்கத்துல அங்கை உக்காந்திருக்கா. அங்கயற்கண்ணின்னு மீனாட்சி பேரை வச்சிட்டு, கூப்பிடுறதுக்குள்ள மூச்சு வாங்குதுன்னு நான்தான் கல்யாணமான புதுசுல சுருக்கினேன். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அரை நாள் லீவு போட்டு வந்திருக்கா, மடியில பரீட்சைப் பேப்பர் கட்டு, சிவப்புப் பேனா சர்ருசர்ருன்னு கோடு இழுக்குற சத்தம் கேக்குது. இவளுக்கு கேம்னா என்னன்னே தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டா. "உங்க டப்டப்பு" அப்படிம்பா. உள்ளே ரூமுக்குள்ள நான் சத்தம் போட்டுப் பேசுறப்ப, யாரோடயோ சண்டை போல, சாப்பாட்டு நேரம் வந்தா முடிஞ்சிரும்னு நினைச்சுக்குவா. இந்தத் தேதியை ஆஸ்பத்திரியில நானாத்தான் கேட்டு வாங்குனேன்னும் இவளுக்குத் தெரியாது. இடது கண்ணு ரெண்டு மாசமா மங்கலா இருக்கு, சுகர் வேற லேசா எட்டிப் பார்க்குது, என்னைக்கு வேணாலும் வந்திருக்கலாம். டிரெய்லர் எப்பன்னு பார்த்துட்டு, அதே நாள், மத்தியானம் ரெண்டரை மணின்னு வாங்குனேன். கண்ணுல மருந்து விட்டுருக்கு மக்களே, ஒண்ணும் தெரியல, இன்னொரு நாள் பார்ப்போம். யாரும் கேள்வி கேக்க முடியாத சாக்கு. வெக்கமாத்தான் இருக்கு. பேசிப் பேசியே சோறு தின்னவன், ஒரு நாள் பேசாம இருக்கிறதுக்காகக் கண்ணை அடகு வச்சிட்டு உக்காந்திருக்கேன். மூடின இமைக்குள்ள ஒரு ஆரஞ்சு வெளிச்சம், டியூப் லைட்டுதான், யாராவது குறுக்க நடந்தா அது கறுக்குது. எதிர்ல ஒரு பெரியவர் டீக்குடிக்கக் கூடாதான்னு நர்ஸ்கிட்ட மல்லுக்கு நிக்கிறாரு. கண்ணுக்கும் டீக்கும் என்னம்மா சம்பந்தம்னு கேக்குறாரு. நியாயந்தானே. அந்தப் பொண்ணு சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரல, அசதியா இருக்கு, எலும்புக்குள்ள இருந்து வர்ற அசதி.

முடிவு வரைக்கும் ஆடுனீங்களா. ஆடுனேனே! பதினெட்டு மணி நேரம் ஆடுனேன். இப்படித்தான் முதல்ல சொல்லிக்கிட்டேன், எனக்குள்ளயே, சத்தமா. கடைசிச் சண்டை, கடைசிக் காட்சி, திரை கறுத்துச்சு, பேர் ஓட ஆரம்பிச்சுது. கேம் செஞ்சவங்க பேர், படம் வரைஞ்சவங்க, இசை, சோதிச்சுப் பார்த்தவங்க, அம்மாவுக்கு நன்றி, டீக்கடைக்கு நன்றின்னு வருமே அது. வட்டப் பொத்தானை அழுத்திப் பிடிச்சேன். மூணு செகண்டு பிடிச்சா பேரெல்லாம் ஓடிப் போயிரும். அந்தக் கை யோசிச்சு அழுத்தினது இல்ல. அந்தக் கைக்கு இருபத்தி ரெண்டு வருசப் பழக்கம். சிம்மக்கல்லுக்கிட்ட மாடியில கேம் கடை வச்சிருந்தேன், நாலு டிவி, நாலு பெட்டி, கண்ட்ரோலர்ல ரப்பர் பிஞ்சு போயி உள்ளங்கையெல்லாம் கறுப்பாகும். மணிக்கணக்குதான். சுவர்க் கடியாரத்தைப் பார்த்து ஆரம்பிச்சா, பெரிய முள்ளு திரும்ப அதே இடத்துக்கு வந்ததும் எந்திரிச்சிரணும். அந்த ஒரு மணி நேரத்துல கதை ஓடுனா எவனுக்குப் பொறுக்கும்? ரெண்டு பேர் நின்னு இங்கிலீஸ்ல பேசிக்கிட்டிருப்பாய்ங்க, எதுக்குச் சண்டை, செத்தவன் யாரு, இவன் ஏன் அழுகுறான், எல்லாம் அதுல சொல்லுவாய்ங்க. நான் கல்லாவுல இருந்தே கத்துவேன், "டேய் கதை ஓடுது பாரு, அமுக்கு அமுக்கு, நேரம் போகுது." நாலு டிவியிலயும் அமுக்குவாய்ங்க. மதுரையில ஒரு தலைமுறையே யாரை எதுக்குக் கொல்றோம்னு தெரியாமக் கொன்னு வளர்ந்துச்சு, என் புண்ணியத்துல. அப்ப அது நல்ல சேவைன்னு நினைச்சேன். அம்மாமார் மாடிப்படி ஏறி வருவாங்க, கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு, எம்புள்ளையைக் கெடுக்கிறியேன்னு என்னைத் திட்டித் தீர்ப்பாங்க. கெடுக்கல அக்கா, ஒரு மணி நேரம் தானேன்னு நிப்பேன். ரத்தத்தைக் காட்டிக் கெடுக்கிறேன்னு அவங்க சொன்னாங்க. ரத்தத்தால எவனும் கெட்டதா நான் பார்க்கல, எல்லாவனும் இப்ப பேங்க்லயும் துபாய்லயும் ஒழுங்கா வேலை பார்க்கிறான். ஆனா அமுக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அது எங்கிட்டுப் போச்சு? அது என் கையிலயே தங்கிருச்சு.

போன வருசம் வந்த அந்த கேம் பேர் கச்சான். கடற்கரைப் பக்கம் அடிக்கிற ஒரு காத்தோட பேராம். ஏழு பேர் சேர்ந்து எட்டு வருசம் செஞ்சது. தமிழ்ல பேசுற கேம், டப்பிங் இல்ல, தமிழ்லயே பொறந்தது. கேள்விப்பட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிச்சு, சத்தியமா. நம்ம ஊரு மனுசன் நம்ம பாசையில பேசிக்கிட்டு ஒரு கேமுக்குள்ள நடந்து போறதைப் பார்க்கத்தானே நான் இத்தனை வருசம் கத்தினேன். சலேத்துன்னு ஒரு பொண்ணு. அண்ணன் கடலுக்குப் போயித் திரும்பல, அவன் படகு, வள்ளம்னு சொல்லுவாங்க, அது மட்டும் காலியாக் கரை ஒதுங்குச்சு. புயல்ல அதையும் கூடப் போன இன்னொரு வள்ளத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறை எவனோ அறுத்திருக்கான். யாருன்னு தேடுறதுதான் ஆட்டம். ஊர் ஊராப் போயி, கேட்டு, ஒளிஞ்சு, அடி வாங்கி, அடிச்சு, கடைசியில தெரியுது. அறுத்தவன் அண்ணனோட கூட்டாளி அருளப்பன். தான் பிழைக்கிறதுக்காக அறுத்துட்டான். கையில கத்தி இருக்கு, எதிர்ல அவன் இருக்கான், நான் பொத்தானைத் தேடுறேன், குத்துன்னு எதுவும் வரல. அவ கத்தியைக் கீழ வச்சிட்டு, அண்ணனோட துடுப்பை எடுத்து அவன்கிட்ட நீட்டுறா. இந்த வள்ளத்தை இனி நீதான் ஓட்டணும்ங்குறா. திரும்பி நடந்து போயிர்றா. கறுப்பு. பேர் ஓடுது. அமுக்கிட்டேன். சொல்லப் போனா எரிச்சல். பதினெட்டு மணி நேரம் ஆடுனவனுக்கு என்ன மரியாதை? அடுத்த நாள் காலையில பத்து மணிக்கு எல்லாரும் விமர்சனம் போடலாம்னு கம்பெனி நேரம் குறிச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு நிமிசம் பிந்தினாலும் ஆளுக வேற சேனலுக்குப் போயிருவாய்ங்க. அந்த எரிச்சலோடயே மைக்கை இழுத்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். யாரு எழுதினாங்கன்னு கம்பெனி அனுப்பின காகிதத்துல பார்த்தேன், கதை பெனிட்டா, தூத்துக்குடி. "அண்ணனைக் கொன்னவன்கிட்டயே அக்கா துடுப்பைக் கொடுத்துட்டாங்க, அடுத்த பாகத்துல சோறு ஆக்கிப் போடுவாங்க." இது நான் சொன்னது. என் வாய்தான். பத்துக்கு மூணு மார்க்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், நான்தான் தெரியாத மாதிரி இருந்தேன். "அக்கா துடுப்பு கொடுத்துட்டாங்க." சட்டையில அச்சடிச்சாய்ங்க. கிரிக்கெட்ல நம்ம ஆளு கேட்ச் விட்டா அக்கா துடுப்பு, பரீட்சையில தோத்தா அக்கா துடுப்பு. சிரிச்சேன், நல்லா சிரிச்சேன், பேமஸ் ஆயிட்டோம்ல. முதல்ல கேமைத் திட்டினாய்ங்க, ஒரு வாரத்துல அவளைத் திட்டினாய்ங்க. பொம்பளை எழுதினா இப்படித்தான் வரும்னு ஒரு கூட்டம், பொம்பளைகளுக்கு கேம்ல என்ன வேலைன்னு இன்னொண்ணு. இந்தக் கூட்டத்தை எனக்குப் புதுசா தெரியாது. ஒரு கேம்ல வர்ற பொண்ணுக்கு மூஞ்சி சரியில்ல, இடுப்பு பத்தலைன்னு ராத்திரி பகலாச் சண்டை போட்டாய்ங்க, நான் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு வீடியோ போட்டேன். ரெண்டு பக்கமும் நியாயம்! எட்டு லட்சம் பேர் பார்த்தாய்ங்க. டிவியில ஒரு விவாதத்துக்குக் கூட்டிட்டுப் போயி, வீடியோ கேம் இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டுதான்னு கேட்டாங்க. நான் நெஞ்சை நிமித்தி, கேம் ஆடுறவன் ஒரு எறும்பைக் கூட மிதிக்க மாட்டான் சார்னு சொன்னேன். கைதட்டினாங்க. அதே எறும்பு மிதிக்காத பயலுக அந்தப் பொண்ணோட அப்பா போன் நம்பரைத் தேடிக் கண்டுபிடிச்சு, கடலுக்குப் போற மனுசனுக்கு, உம்மகளுக்குத் துடுப்பு வேணுமா, நாங்க வர்றோம்னு குரல் அனுப்பியிருக்காய்ங்க. அதை ஒருத்தன் பெருமையா எனக்கே அனுப்பி வச்சான், அண்ணே கேளுங்கண்ணேன்னு. கேட்டேன். பாதியில நிறுத்திட்டேன். எதுவும் சொல்லல. நான் அப்படிப் பண்ணச் சொன்னேனா? சொல்லல. பண்ணாதேன்னு சொன்னேனா? அதுவும் சொல்லல. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு சறுக்கிக்கிட்டு வேற எங்கிட்டாவது போயிருது. டீ கேட்ட பெரியவர் என்ன ஆனாரு, சத்தத்தையே காணோம்.

"தலையைப் பின்னாடி சாயுங்க ஐயா." இன்னொரு சொட்டு. எரியுது. கன்னத்துல வழியுது, அங்கை முந்தானையால துடைச்சு விடுறா. "என்ன இப்படி நெத்தி சுருங்குது, வலிக்குதா?" இல்லைங்குறேன். "போன் கத்திக்கிட்டே இருக்கே, அணைச்சு வைக்கவா?" இருக்கட்டும்ங்குறேன். கச்சானை வெப் சீரிஸா எடுக்கிறாங்கன்னு செய்தி வந்தப்ப எல்லாரும் குதிச்சாய்ங்க. எனக்கு கேமைப் படமா எடுக்கிறதுலயே என்னைக்கும் நம்பிக்கை கிடையாது. முப்பது வருசமாப் பார்க்கிறேன். கேம்ல இருக்கிறது கதை இல்ல, கை. என் கையால ஒருத்தனைத் தள்ளினா அது என்னை உறுத்தும், நடிகன் தள்ளினா நான் முறுக்குத் தின்னுக்கிட்டே பார்ப்பேன். கையைப் பிடுங்கிட்டுக் கதையை மட்டும் வச்சா, உப்பில்லாத கூழுதான். நல்லா எடுத்துட்டான்னாலும் பயலுக ஒத்துக்க மாட்டாய்ங்க, கேம்ல சட்டை நீலம், இவன் பச்சை போட்டுருக்கான்னு ஒப்பாரி வைப்பாய்ங்க. மாத்தாம எடுத்தா எதுக்கு எடுத்தேம்பாய்ங்க. இதையெல்லாம் நூறு தடவை சொல்லியாச்சு, சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் சலிச்சுப் போச்சு. இந்த சீரிஸ்காரங்க போன மாசம் ஒரு அறிக்கை விட்டாங்க. ரசிகர்களின் குரலுக்கு மதிப்பளித்து முடிவு மாற்றப்படுகிறது, கதைக் குழுவிலிருந்து பெனிட்டா விலகுகிறார். விலகுகிறாராம்! சலேத்து இப்ப அவனைக் கடல்லயே வச்சுக் குத்திக் கொல்லப் போறா. நாலு மணி டிரெய்லர்ல அதுதான் வரும். நாம ஜெயிச்சுட்டோம் அண்ணேன்னு எழுதினாய்ங்க. நானும் ஒரு வீடியோ போட்டேன், சின்னதா, மக்கள் குரல் ஜெயிச்சதுன்னு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். 

அந்த வீடியோ போட்ட மூணாம் நாள் தேனியில இருந்து ஒரு அம்மா மெயில் போட்டாங்க. பேங்க்ல வேலையாம், மகன் காலேஜ் போயிட்டான், அவன் விட்டுட்டுப் போன பெட்டியில சாயங்காலம் ஆடுறாங்களாம். என் வீடியோ ஒண்ணு விடாமப் பார்ப்பாங்களாம். மரியாதையா எழுதியிருந்தாங்க. "தம்பி, பேர் ஓடி முடிஞ்சதும் வள்ளம் திரும்ப வருதே, அதைப் பத்தி நீங்க ஏன் எதுவும் சொல்லல? நான் அந்த இடத்துலதான் அழுதேன்." எனக்கு என்ன வள்ளம்னே புரியல. ரூமைச் சாத்திக்கிட்டுப் பெட்டியைப் போட்டேன். கடைசிக் காட்சி, துடுப்பு, கறுப்பு. இந்தத் தடவை கையைத் தொடையில வச்சுக்கிட்டேன். பேர் ஓடுச்சு. ஆறு நிமிசம். ஏழு பேர்தான், அப்புறம் குரல் கொடுத்த ஊர்க்காரங்க பேர் பேரா, செத்துப் போன ஒரு படகுக்காரர் பேர். முடிஞ்சதும் கடல். விடிகாலை. இப்ப நான் சலேத்து இல்ல, அருளப்பன். கொன்னவனை என் கையில கொடுத்துட்டா பெனிட்டா. தினம் அந்த வள்ளத்துல கடலுக்குப் போகணும், போற வழியில கயிறு அறுத்த இடத்தைத் தாண்டித்தான் போகணும், வேற வழி இல்ல. மீன் பிடிச்சுட்டு வந்தா, கரையில செத்தவனோட அம்மா உக்காந்திருக்கா. அவளுக்கு இன்னும் தெரியாது. சாதாரணமா, இன்னைக்கு என்னப்பா மீனுன்னு கேக்குறா. திரையில கீழ ஒரு பொத்தான் வருது. சொல்லு. அவ்வளவுதான் எழுத்து. அழுத்தலாம், அழுத்தாம வீட்டுக்குப் போகலாம், மறுநாள் திரும்பக் கடல். கேம் எதுவும் கட்டாயப்படுத்தாது. எத்தனை நாள் வேணாலும் போய்க்கிட்டே இருக்கலாம். நான் கேமுக்குள்ள நாப்பத்தொரு நாள் போனேன். மூணு மணி நேரம். பொத்தான் ஒவ்வொரு நாளும் வந்துச்சு, ஒவ்வொரு நாளும் மீனைப் பத்திப் பேசிட்டு நடந்துட்டேன். அப்புறம் பெட்டியை அணைச்சேன்.  இதுக்கா பத்துக்கு மூணு போட்டேன்? மார்க் கிடக்கட்டும், சனியன். இதுக்கா அந்தப் புள்ளையை ஊரே சேர்ந்து விரட்டுச்சு? பயலுகளும் என்னைய மாதிரியே பேர் ஓடும்போது அமுக்கியிருப்பாய்ங்க போல. அன்னைக்குச் சாயங்காலம்தான் அவகிட்ட இருந்து அந்த ஒத்த வரி வந்துச்சு.

இப்பச் சொல்லணும். அதுதான் விசயம், சுத்திச் சுத்தி அங்கதான் வருது. ஆடி முடிக்காமலே விமர்சனம் போட்டேன்னு சொல்லணும். பதினோரு வருசம் நான் எத்தனை பேரை இதுக்காகவே கிழிச்சிருக்கேன்! கேமை முடிக்காமப் பேசுறவன் எல்லாம் ஒரு ஆளான்னு. கேம் காப்பியை ஓசியில வாங்கிட்டு டிரெய்லரைப் பார்த்து மார்க் போடுறவன்னு பேர் சொல்லியே கேவலப்படுத்தியிருக்கேன். ஒருத்தன் சேனலையே மூடிட்டுப் போனான், அதுக்கும் கைதட்டு. இப்ப நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அதே பயலுக, அதே நாக்கு. சட்டையில என் மூஞ்சியை அடிப்பாய்ங்க. அங்கையோட பள்ளிக்கூட நம்பரைத் தேடுவாய்ங்க. பயமா இருக்கு. இதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல, பயமாத்தான் இருக்கு. சொல்லாட்டி என்ன குறைஞ்சிரும்? தேனி அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். சீரிஸ் வரும், கொல்லுவா, கைதட்டுவாய்ங்க, அடுத்த மாசம் வேற சண்டை வரும். ஆனா சீரிஸ் இன்னும் முழுசா எடுக்கலையாம், முடிவு அடுத்த மாசம்தான் எடுக்கிறாங்களாம். நான் இன்னைக்கு, எல்லாரும் பார்க்கிற நாலு மணிக்குச் சொன்னா, ஒருவேளை, ஒருவேளைதான், அவளைத் திரும்பக் கூப்பிடலாம். நாளைக்குச் சொன்னா எவன் கேக்கப் போறான்? அதுக்குத்தானே கண்ணுல மருந்து விட்டுட்டு உக்காந்திருக்கேன். அட நாயே.

"ஏங்க, எதுக்கு இப்படி மூச்சு விடுறீங்க?" அங்கை பேனாவை மூடுற சத்தம். "கண்ணுக்கு ஒண்ணும் இருக்காது. சுகர் இருந்தா மாத்திரை. விடுங்க." கண்ணு இல்ல அங்கைன்னேன். பின்ன என்னன்னா. நான் சொல்ல ஆரம்பிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றது சுலபமா இருந்துச்சு, அவ மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்ல. கேம், துடுப்பு, பேர் ஓடினது, அமுக்கினது, அந்தப் பொண்ணு, அவ அப்பாவுக்குப் போன குரல். எல்லாம் சொன்னேன், இந்தத் தேதியை ஏன் வாங்கினேன்னும் சொன்னேன்.  பதினாறு வருசத்துல என் டப்டப்பை அவ முழுசாக் கேட்டது இன்னைக்குத்தான். முடிச்சதும் மடியில கிடந்த பேப்பரைத் தட்டி அடுக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "விடைத்தாளோட கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே மார்க் போட்டிருக்கீங்க"ன்னா. ஆமான்னேன். "அதைக் கிளாஸ்ல எல்லாருக்கும் சத்தமா வேற படிச்சுக் காட்டியிருக்கீங்க." ஆமான்னேன். "நான் அப்படிப் பண்ணினா அந்தப் புள்ள வீட்ல என்னன்னு சொல்லும்?"  "போனைக் குடுங்க"ன்னா. குடுத்தேன். "பெனிட்டா எங்க இருக்கா? இந்தா இருக்கா. என்ன போடட்டும்?" நான் யோசிச்சேன். விளக்கம் வந்துச்சு வாய்க்கு, நேரம் குறிச்சது, கடை, கைப்பழக்கம், எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. "இல்லம்மா, ஆடல. அப்படின்னு மட்டும் போடு." போட்டா. சத்தம் கேட்டுச்சு, போயிருச்சு.

எதிர்ல யாரையோ உள்ள கூப்பிட்டாங்க, நாற்காலி கிறீச்சுன்னுச்சு. எனக்கு இன்னும் பத்து நிமிசமாம். போன் நடுங்குச்சு, பயலுகதான்னு நினைச்சேன். அங்கை சத்தமாப் படிக்கல, முதல்ல தனக்குள்ள படிக்கிறான்னு தெரிஞ்சுது, மூச்சு ஒரு இடத்துல நின்னுச்சு. "என்னடி, சொல்லு." அவ டீச்சர் குரல்ல, நிறுத்தி நிறுத்திப் படிச்சா. "தெரியும் அண்ணா. உங்களுக்குக் கொடுத்த காப்பி எந்த இடத்துல நின்னுச்சுன்னு எங்க பக்கம் பதிவாகும். வீடியோ வந்த அன்னைக்கே பார்த்துட்டோம்." ஐயோ. இது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு காப்பியும் எதுவரைக்கும் போச்சுன்னு செஞ்சவங்களுக்குத் தெரியும், நானே இதைப் பத்தி வீடியோ போட்டிருக்கேன். ஆடாத முடிவை ஆடினதாச் சொல்லிட்டு, அது அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல. காது சூடாச்சு. "இன்னும் இருக்கு"ன்னா அங்கை. "டீம்ல எல்லாரும் அதை வெளியில போட்டுரலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். போட்டா உங்களையும் இதே மாதிரி பண்ணுவாய்ங்க அண்ணா. உங்க வீட்டுலயும் ஆளு இருப்பாங்கல்ல."

அவ்வளவுதான். அங்கை போனை மடியில வச்சிட்டா போல. நான் இமையை இறுக்கிக்கிட்டேன், மருந்துதான் வழியுதுன்னு அந்த நர்ஸ் நினைச்சுக்கட்டும். அத்தனை நாள், அவ அப்பாவுக்குக் குரல் போனப்ப, வேலை போனப்ப, கையில என்னைய வச்சிருந்திருக்கா, அந்தப் பதிவை ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தா போதும், அன்னையோட நான் முடிஞ்சேன். போடல. கேட்டது ஒரு வரி. நானா சொல்லட்டும்னு. ஒரு வருசமா இவளை நான் கதை எழுதத் தெரியாதவள்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.

"மணி என்ன?" "மூணேகால்." "கண்ணு தெளிய நேரமாகுமா?" "சாயங்காலம் ஆகும்னாங்க. ஏன்?" நாலு மணிக்கு நான் லைவ் வரணும் அங்கை, டிரெய்லர் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம், நீ பக்கத்துல உக்காந்து பொத்தானை மட்டும் அழுத்தி விடுன்னேன்.  பள்ளிக்கூடத்தை நினைக்கிறா, அவ நம்பரை, அவ அம்மா வீட்டை, எனக்குத் தெரியும். பேப்பர் கட்டை எடுத்து நூல் சுத்துற சத்தம் கேட்டுச்சு, ரெண்டு சுத்து, முடிச்சு. "அந்தப் புள்ளைக்கு என்ன போடட்டும்?" "நாலு மணிக்குச் சொல்றேன்னு போடு." தட்டச்சுப் பண்ணினா, நிறுத்தினா. "போட்டப்புறம் மாத்த முடியாதுங்க. சொல்லுவீங்களா?"  சொல்லுவேன்னேன். "சத்தமாச் சொல்லுங்க." "சொல்லுவேன்டி." "சரி," அப்படின்னா, "போட்டுட்டேன்."